பாக்டீரியா சாறு கலந்த எக்ஸிமா க்ரீம்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: எக்ஸிமாவுக்கு ‘பாக்டீரியா சாறு’ சேர்த்த க்ரீம் என்று விற்கிறார்கள். சாதாரண மாய்ஸ்சரைசரைப் போல மூன்று மடங்கு விலை. கொடுக்கிற காசுக்குத் தகுமா?

நல்ல மாய்ஸ்சரைசராக இருந்தால் வாங்கலாம். மருந்து என்று நம்பி வாங்க வேண்டாம். இந்தச் சாறு தயாரிக்க, பாக்டீரியாவை வளர்த்து, கொன்று, உடைத்து, அந்தத் துண்டுகளைக் க்ரீமில் கலக்கிறார்கள். ‘லைசேட்’ என்று போட்டிருப்பது இதைத்தான். டியூபுக்குள் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை.

இந்த வகையில் ஓரளவு ஆய்வுப் பின்புலம் உள்ளவற்றில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, வெந்நீர் ஊற்றுகளில் காணப்படும் விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ். லா ரோஷ்-போசே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் லிப்பிகார் க்ரீம் வரிசையில் இருப்பது. இன்னொன்று, பிரான்சின் அவென் ஊற்று நீரிலிருந்து பிரித்தெடுத்த அக்வாஃபிலஸ் டோலோமியே. விட்ரியோசில்லாவை வைத்து நடந்த சோதனை 2008-ல் வெளியானது. எக்ஸிமா உள்ள 75 பேரில் ஒரு பிரிவினருக்கு 5 சதவீத லைசேட் க்ரீம், மற்றவர்களுக்கு லைசேட் மட்டும் இல்லாத அதே க்ரீம், 30 நாள். லைசேட் பூசியவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது உண்மை. ஆனால் ஆள் குறைவு, காலம் ஒரே மாதம், ஆய்வில் லா ரோஷ்-போசேயின் தாய் நிறுவனமான லோரியாலின் ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள். கடையில் கிடைக்கும் டியூபில் எத்தனை சதவீதம் சேர்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எழுதியிருப்பதும் இல்லை.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: சாறே இல்லாத க்ரீமை ஒழுங்காகப் பூசினாலும் எக்ஸிமா குறையும். விளம்பரத்தில் ‘முன்’, ‘பின்’ என்று காட்டும் படங்கள் சாற்றின் பலனையும் வெறும் க்ரீமின் பலனையும் பிரித்துக் காட்டுவதில்லை. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். மோசமாக இருக்கும்போதுதான் யாரும் புது க்ரீம் வாங்குவார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் அது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் தணிந்திருக்கும்.

கேள்வி: செத்த பாக்டீரியா தோலில் என்ன செய்யும்?

தோலில் உள்ள எதிர்ப்பு செல்களில் டி.எல்.ஆர்.2 என்ற ஏற்பி இருக்கிறது. பாக்டீரியாவின் சுவர்த் துண்டு அதில் ஒட்டினால் செல்லுக்குச் சேதி போகும். விட்ரியோசில்லா துண்டு பட்டபோது, அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10 சுரக்கிறது என்று ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எக்ஸிமாவைக் கிளறிவிடும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸின் துண்டுகளும் இதே ஏற்பியைத் தொடுகின்றன. ஆகவே எந்த இனம், எந்த அளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் இனத்துக்குக் கிடைத்த ஆய்வு முடிவை, வேறு இனத்தைக் கலந்த க்ரீமின் பெட்டியில் அச்சடித்தால் அதற்குப் பொருள் கிடையாது.

கேள்வி: லேபிளில் எதைப் பார்த்து முடிவு செய்வது? எல்லாவற்றிலும் ‘ஃபெர்மென்ட்’ என்றே போட்டிருக்கிறது.

‘ஃபெர்மென்ட்’ என்றால் நொதிக்க வைத்து எடுத்தது என்று மட்டும்தான் அர்த்தம். ‘விட்ரியோசில்லா ஃபெர்மென்ட்’, ‘அக்வாஃபிலஸ் டோலோமியே ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்’ இரண்டும் மேலே சொன்னவை. ‘பிஃபிடா ஃபெர்மென்ட் லைசேட்’, ‘லாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்ட்’ முகப்பூச்சு சீரங்களில் நிறைய வரும். ‘சாக்கரோமைசிஸ்’, ‘காலாக்டோமைசிஸ்’ என்று இருந்தால் அது ஈஸ்ட், பாக்டீரியாவே இல்லை. பலர் ஏமாறுவது ‘லூகோநாஸ்டாக் ரேடிஷ் ரூட் ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்’ என்பதில். க்ரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. அதை வைத்துக்கொண்டு ‘புரோபயாட்டிக் க்ரீம்’ (நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா கலந்த க்ரீம்) என்று பெட்டியில் அச்சடிப்பவர்களை என்ன சொல்வது!

அடுத்து, அந்தப் பெயர் பட்டியலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால் என்பது வரிசை. 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் இஷ்டப்படி அடுக்கலாம். எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள ‘ஃபீனாக்ஸிஎத்தனால்’ உதவும். பல நாடுகளில் அதற்கு உச்சவரம்பு 1 சதவீதம்; எனவே அதற்குப் பின்னால் வருவது எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. சாறு அதற்கும் பின்னால் கடைசி வரியில் இருந்தால், 5 சதவீதத்தில் நடந்த சோதனையை அந்த டியூபுக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

சாறு இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு. முதல் ஆறேழு பெயர்களுக்குள் கிளிசரின், பெட்ரோலேட்டம், ஷியா பட்டர், டைமெத்திகோன் போன்றவை இருக்கிறதா? வேலையில் பெரும்பங்கைச் செய்வது அவைதான். ‘பர்ஃப்யூம்’, ‘லினலூல்’, ‘லிமோனீன்’, வாசனை எண்ணெய்கள் இருந்தால் டியூபைத் திரும்ப வைத்துவிடுங்கள். ‘மெத்தில்ஐசோதயசோலினோன்’ இருந்தாலும் வேண்டாம். ஒவ்வாமை பெருகியதால், பூசி அப்படியே விட்டுவிடும் அழகுப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதை 2017-லேயே தடை செய்துவிட்டது. ‘அன்சென்டட்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம், வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று போட்டிருப்பதை எடுங்கள்.

கேள்வி: உயிருள்ள பாக்டீரியா ஸ்ப்ரே இன்னும் சக்தி வாய்ந்தது என்கிறார்களே?

நம்பிக்கை பெரிதாக இருந்தது, கைக்கு வந்தது குறைவு. ஆரோக்கியமான தோலிலிருந்து எடுத்த ரோசியோமோனாஸ் மியூகோசா என்ற பாக்டீரியாவை, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 10 பெரியவர்களுக்கும் 5 குழந்தைகளுக்கும் தெளித்துப் பார்த்து, 2018-ல் நல்ல முடிவு சொன்னார்கள். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து (பாக்டீரியா இல்லாத வெறும் தெளிப்பு) பெற்ற பிரிவு இல்லை. பிறகு ஃபோர்ட்டே பயோசயின்சஸ் நிறுவனம் எஃப்.பி-401 என்ற பெயரில் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தது. 2021-ல் முடிவு வந்தது. நோய் பாதியாகவாவது குறைந்தவர்கள், பாக்டீரியா தெளித்தவர்களில் 58 சதவீதம், போலி தெளித்தவர்களில் 60 சதவீதம்.

அதே 2021-ல் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் ஏ9 என்ற தோல் பாக்டீரியாவை 54 பேருக்கு ஒரு வாரம் பூசிப் பார்த்தார்கள். ஆரியஸ் கிருமி குறைந்தது; நோயின் கடுமை மொத்தக் கணக்கில் கண்டிப்பாகக் குறைந்தது என்று சொல்லும்படி இல்லை.

வாங்கும்போது ஒரு எளிய சோதனை: தண்ணீரும் பதப்படுத்தும் பொருளும் உள்ள க்ரீமை அறை வெப்பத்தில் வைத்து விற்றால், அதில் பாக்டீரியா உயிரோடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பதப்படுத்தியின் வேலையே அதைக் கொல்வதுதான். உயிருள்ளது என்றால் பெட்டியில் இனத்தின் பெயர், கடைசித் தேதி வரை உயிரோடு இருக்கும் எண்ணிக்கை, எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் உயிருள்ளதை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: புரோபயாட்டிக் கேப்சூலைப் பிரித்து மாய்ஸ்சரைசரில் கலந்து பூசினால் செலவு மிச்சம்தானே?

வேண்டாம். பதப்படுத்தி பலமாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். பலவீனமாக இருந்தால் டப்பாவில் வேண்டாத கிருமியும் சேர்ந்து வளரும். அதைவிடப் பெரிய சிக்கல், பல கேப்சூல்களில் பால் புரதத்தின் எச்சம் இருக்கும். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் போனால் அந்த உணவுக்கே ஒவ்வாமை வரலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது.

கேள்வி: வாயால் சாப்பிடும் புரோபயாட்டிக்?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பு 39 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏற்கெனவே வந்துவிட்ட எக்ஸிமாவின் அரிப்பு, தூக்கக் கெடுதல் போன்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை என்பதே முடிவு. இதற்காகவென்று வாங்கத் தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் பாக்டீரியாவிலிருந்து வந்த உண்மையான மருந்து எதுவும் இல்லையா?

இருக்கிறது: டபினரோஃப். மண்ணில் வாழும் நுண்புழுக்களோடு கூடி வாழும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒரு பொருளிலிருந்து கண்டுபிடித்தது. இப்போது அந்த ஒற்றை மூலக்கூறை ஆலையில் வேதியியல் முறையில் செய்கிறார்கள். 1 சதவீத க்ரீம், நாளுக்கு ஒரு முறை. அமெரிக்காவில் 2022-ல் சொரியாசிஸுக்கும், 2024 டிசம்பரில் 2 வயதுக்கு மேற்பட்டவர்களின் எக்ஸிமாவுக்கும் அனுமதி கிடைத்தது. ஸ்டீராய்டு இல்லை. மயிர்க்கால்களில் சிறு கொப்புளம், தலைவலி வரலாம். மருத்துவர் சீட்டு வேண்டும். அளவும் தூய்மையும் தெரிந்த ஒரே மூலக்கூறு என்பதால்தான் மருந்துக்குரிய சோதனைகளைத் தாண்டி வந்தது. பெட்டியில் ‘சாறு’ என்று எழுதியிருப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சரி, லைசேட் க்ரீம் வாங்கிவிட்டேன். எப்படி, எவ்வளவு பூசுவது?

முதலில் முன்கையின் உட்புறம், எக்ஸிமா இல்லாத இடத்தில், நாணய அளவு, நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தே தலைகாட்டும் என்பதால் ஒரே ஒரு நாள் பூசிப் பார்ப்பது போதாது. பூசிய உடனே சில நிமிடம் எரிந்து அடங்கினால் அது பெரும்பாலும் வெடித்த தோலின் எரிச்சல்; நான்காம் நாள் சிவந்து தடித்து அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், நிறுத்திவிடுங்கள்.

குளித்துத் துடைத்த சில நிமிடங்களுக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே, முடி வளரும் திசையில் தடவுங்கள். உடல் முழுக்க வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவை. குழந்தைக்கு அதில் பாதி. 40 கிராம் டியூப் என்றால் பெரியவருக்கு வாரத்துக்கு ஆறுக்கும் மேல்! அதனால்தான் பலர் விலைக்குப் பயந்து பொட்டு வைப்பதுபோல் பூசி, பலன் இல்லை என்கிறார்கள். எங்கள் யோசனை: விலை கூடியதைக் கழுத்து, முழங்கை மடிப்பு போன்ற சிறு இடங்களுக்கு வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு வாசனையில்லாத பெரிய பாட்டில் வாங்குங்கள். டப்பாவைவிட பம்ப் நல்லது, விரல் உள்ளே போகாது.

மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டையும் உள்ளங்கையில் கலக்கவும் கூடாது, மருந்து நீர்த்துப்போகும். இரண்டுக்கும் நடுவே 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். ஸ்டீராய்டின் அளவு: ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

நான்கு வாரம் சரியான அளவில் பூசியும் வித்தியாசம் தெரியாவிட்டால் அடுத்த டியூபுக்குச் செலவு செய்யாதீர்கள். மஞ்சள் நிறப் பொருக்கு தட்டினாலும், நீர் வடிந்தாலும் கிருமித் தொற்று இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். துளை போட்டதுபோல ஒரே அளவிலான சிறு புண்கள் வலியோடும் காய்ச்சலோடும் பரவினால், அது எக்ஸிமாவின் மேல் வந்த ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.