வீட்டுக்குள் ஏரித் தண்ணீர்: குற்றவாளி வானமா, வாய்க்காலா?

கேள்வி: ஐயா, சேலம் சிவதாபுரம் பக்கம் 1,200 சதுர அடி மனையில் 2011-ல் வீடு கட்டினோம். முதலில் தொந்தரவு இல்லை. இப்போது ஐப்பசி, கார்த்திகை வந்தாலே ஏரி கோடி போய், அதாவது நிரம்பி வழிந்து, முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் நிற்கிறது. அடிக்கடி வெள்ளம் வருவதே காலநிலை மாற்றத்துக்கு ஆதாரம் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். மனை வாங்கிக் கொடுத்த புரோக்கரும் அதையேதான் சொல்கிறார்: "உலகம் பூரா இப்படித்தாங்க. இதைத் தள்ளிவிட்டுட்டு நம்ம புது லே-அவுட்ல ஒண்ணு போட்டுடுங்க." எதை நம்புவது?

பதில்: மகள் சொல்வதில் பாதி சரி. புரோக்கர் அந்தப் பாதியைக் கடன் வாங்கி உங்களிடம் வியாபாரம் பேசுகிறார்.

மழை வேறு, வெள்ளம் வேறு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது வலுத்துக் கொட்டும். 1950-களுக்குப் பிறகு, போதிய பதிவு உள்ள பெரும்பாலான நிலப்பகுதிகளில் கனமழை கூடியிருக்கிறது, அதற்கு மனிதர்களால் வந்த வெப்பமே முக்கியக் காரணமாக இருக்கக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021 அறிக்கையில் சொன்னது. ஆற்று வெள்ளத்தைப் பற்றி அதே குழு அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. வெள்ளத்தில் அணை, ஏரி, சாலை, கட்டடம் என்று மனிதன் கை வைத்த எல்லாமே கலந்துவிடுவதுதான் காரணம்.

தனித்தனி நிகழ்வுகளிலும் இதே கதைதான். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான மழையை ஆராய்ந்தவர்கள், காலநிலை மாற்றத்தால் அது சுமார் 10 சதவீதம் வலுத்தது என்று கணித்தார்கள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையையும் இப்படி ஆராய்ந்தார்கள். அதில் புவி வெப்பத்தின் கைரேகையைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. மேட்டூர் அணை கட்டுவதற்கு முன்பே, 1924-ல் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. ஆகவே உங்கள் தெருவில் நாலைந்து வருடம் தண்ணீர் வந்ததை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதற்காகக் காலநிலை மாற்றமே பொய் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். ஆதாரம் பல பத்தாண்டு மழைப் பதிவேட்டில் இருக்கிறது, உங்கள் வாசற்படியில் இல்லை.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மழையளவு காலை 8.30-க்கு எடுத்து, முந்தைய 24 மணி நேரக் கணக்காக எழுதப்படுகிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரத்தில் அடித்துத் தள்ளிய மழையும் நாள் முழுக்கத் தூறிய மழையும் அந்தத் தாளில் ஒரே எண்தான். நகரத்தை மூழ்கடிப்பது அந்த இரண்டு மணி நேரம். அதை வார்டுவாரியாக எடுத்து மக்கள் பார்க்கும்படி வைக்க என்ன செலவாகிவிடும்?

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. 1,200 சதுர அடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர், ஒரு பெரிய லாரித் தண்ணீர். வெப்பத்தால் 7 முதல் 10 சதவீதம் கூடியது என்று வைத்தால், அதில் சுமார் எழுநூறு முதல் ஆயிரம் லிட்டர் வரை காலநிலை மாற்றத்தின் பங்கு. அதே மனை செடிகொடியோடு மண்ணாகக் கிடந்தபோது கால்வாசி ஓடியிருக்கும், மிச்சத்தை மண் குடித்திருக்கும். கான்கிரீட்டும் டைல்ஸும் போட்ட பிறகு பத்தில் ஒன்பது பங்கு தெருவுக்கு ஓடுகிறது. சுமார் மூவாயிரம் லிட்டர் பத்தாயிரம் ஆகிவிட்டது. ஏரிக்கு மேலே இருக்கும் அத்தனை தெருவுக்கும் இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு இந்தக் கணக்கு நிற்காது. மண் நிறைந்துவிட்டால் தோட்டமும் தார்ச்சாலையும் ஒன்றுதான்.

"நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளம், இனி நம்ம காலத்துல வராது" என்றும் புரோக்கர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்க நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு. மழையே வலுத்துவந்தால் அந்தக் கணக்கும் பழசாகிவிடும்.

இனி நான் எல்லோரிடமும் சொல்லிச் சலித்த விஷயம். மனை வாங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கம், டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் மூன்றையும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் விற்பனையும் அடமானமும் தெரியும், தண்ணீர் தெரியாது. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ஏ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். அரசின் இ-சேவை இணையதளத்திலேயே கிடைக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் விதி கொண்டுவந்தபோதுகூட நீர்நிலைகளில் இருந்த மனைகளுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உங்கள் மனையும் அதுவாக இருக்கலாம். ஏரிக்குக் கீழே இருக்கும் ஆயக்கட்டு நஞ்சை, அதாவது ஏரிப் பாசன நிலம். பரம்பரைப் பட்டா நிலம், ஆக்கிரமிப்பு இல்லை, புறம்போக்கு இல்லை, காகிதம் அத்தனையும் சுத்தம். ஆனாலும் அது நெல் வயல். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்றுதான் அந்த மட்டத்தில் ஏரியையே கட்டினார்கள். அங்கே வீடு கட்டியவர் சட்டப்படி தவறு எதுவும் செய்யவில்லை, தண்ணீரும் செய்யவில்லை. வழக்குப் போட ஆளே கிடையாது. உங்கள் கிரையப் பத்திரத்திலோ அதன் மூலப் பத்திரத்திலோ 'நஞ்சை' என்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால், தளத்தை மூன்றடி உயர்த்தினாலும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், அவரும் உயர்த்துவார், கடைசியில் தெருவே குளமாகும்.

முதல் சில வருடங்கள் ஏன் தப்பித்தீர்கள்? பெரும்பாலும் ஏரி நிறையாத வருடங்களாக இருக்கும். இல்லையென்றால் கோடித் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போன வாய்க்காலை யாரோ இடையில் குறுக்கியிருப்பார்கள். அந்த வாய்க்காலின் புல எண்ணுக்கு எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம் வாங்குங்கள், அகலம் மீட்டரில் இருக்கும். டேப் எடுத்துக்கொண்டு நாலு பேராக, ஏரி நிரம்பி வழியும் கலிங்கிலிருந்து நடங்கள். எங்கே சுருங்குகிறது, எந்தச் சாலைக்கு அடியில் இரண்டு குழாயைப் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று புல எண்ணோடு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் தெருவே கையெழுத்திட்டுக் கொடுங்கள். 'மழைநீர் தேங்குகிறது' என்று பொதுவாக எழுதினால், ஏரி ஒரு துறை, வாய்க்கால் ஒரு துறை, சாலைப் பாலம் இன்னொரு துறை என்று மனு சுற்றிக்கொண்டே இருக்கும். பருவமழை வாசலுக்கு வந்த பிறகுதான் தூர்வார டெண்டர் பேசுவார்கள்.

புது லே-அவுட்டுக்கு இப்போது முன்பணம் கொடுக்க வேண்டாம். கார்த்திகையில் ஒரு நல்ல மழை முடிந்த மறுநாள் காலையில், புரோக்கரிடம் சொல்லாமல் போய், பக்கத்தில் ஆடு மாடு மேய்ப்பவரிடம் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேளுங்கள்.