மசாலா டீ கிளேஸ்: மலையிலிருந்து வந்த சந்தேகங்கள்

குன்னூர்: கேக் மேல் ஊற்ற மசாலா டீ கிளேஸ் செய்தேன். நிறம் வந்தது, டீ மணமே இல்லையே?

குடிக்கிற டீயையே சர்க்கரையில் ஊற்றியிருப்பீர்கள். 120 கிராம் ஐசிங் சுகர் சுமார் இரண்டு டேபிள்ஸ்பூன் டிகாஷனைத்தான் தாங்கும். மொத்த டீ வாசனையும் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும்.

100 மில்லி தண்ணீரில் நசுக்கிய ஏலக்காய் 3, கிராம்பு 2, சின்னத் துண்டு பட்டை, ஒரு சிட்டிகை சுக்குத்தூள் போட்டுப் பாதியாகச் சுண்டவிடுங்கள். மசாலா கொதிக்க வேண்டும், டீ கொதிக்கக் கூடாது. அதனால் அடுப்பை அணைத்த பிறகு இரண்டு டீஸ்பூன் டீத்தூள் போட்டு மூடி, நான்கு நிமிடம் விடுங்கள். ஊட்டிக்காரர்கள் ஐந்து நிமிடம் விடலாம். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். வடிகட்டும்போது சக்கையைப் பிழியாதீர்கள், துவர்ப்பு இறங்கும்.

டிகாஷன் நன்றாக ஆறியதும், சலித்த சர்க்கரையில் முதலில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் விட்டுக் கலக்குங்கள். மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான். கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி விழுந்து, சில நொடியில் மறைய வேண்டும். துளி உப்பு போட்டால் தித்திப்பு அடங்கும்.

கோத்தகிரி: தோட்டத்திலிருந்து நல்ல இலை டீ கிடைக்கிறது. அதையே போடலாமா?

வேண்டாம், பாவம்! டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்து இலையென்றால் இன்னும் பாவம். அந்தப் பூ வாசனை கிராம்புக்கு முன்னால் நிற்காது. அதைப் பால் கலக்காமல் குடியுங்கள். கிளேஸுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண சிடிசி தூளே (குருணை குருணையாக இருக்கும் டீத்தூள்) சரி. நிறமும் கடுப்பும் அதில்தான்.

கொடைக்கானல்: கிளேஸ் முழுக்க வழிந்து தட்டில் தேங்கிவிட்டது.

கேக் சூடாக இருந்திருக்கும். தொட்டால் குளிர்ச்சியாகத் தெரியும்வரை பொறுங்கள்.

ஊட்டி: மழைக்காலத்தில் கிளேஸ் காயவே மாட்டேன் என்கிறது. மிக்ஸியில் அரைத்த சர்க்கரைதான் போட்டேன்.

இரண்டு காரணம் இருக்கலாம். வீட்டில் அரைக்கும்போது ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் சேர்த்து, நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். குருணை தங்கினால் நறநறக்கும். இன்னொன்று மூடுபனி. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, அணைத்த ஓவன் இளஞ்சூட்டுக்கு வந்ததும் கேக்கை உள்ளே வைத்துக் கதவை லேசாகத் திறந்து விடுங்கள். உருக்கிய வெண்ணெய் ஒரு டீஸ்பூன் சேர்த்தால் மலைக் குளிரில் சீக்கிரம் இறுகும். அப்படியும் பிசுபிசுத்தால் விடுங்கள், ஜூலை மாத ஊட்டியில் துணியே காய்வதில்லை.

குன்னூர்: ஐசிங் சுகருக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை?

காய்ந்து இறுகும் கிளேஸ் அதில் வராது. ஆனால் பன்னுக்கு அருமையான மெருகு கிடைக்கும். டிகாஷனும் நாட்டுச்சர்க்கரையும் சம அளவு எடுத்து, கரையும்வரை சூடாக்கி வடிகட்டுங்கள். பன் ஓவனிலிருந்து வந்ததும் சூடாகவே பிரஷ்ஷால் தடவுங்கள். கேக் ஆற வேண்டும் என்று மேலே சொன்னதற்கு நேர் எதிர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊட்டி: வர்க்கி மேல் ஊற்றிப் பார்க்கலாமா?

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. அடுக்கடுக்கான மொறுமொறுப்புதான் அதன் உயிர். ஈரம் பட்டால் நமுத்துப்போகும். வர்க்கியை டீ டம்ளரில் நீங்களே முக்கிக்கொள்ளுங்கள்.