தளை தட்டாத வெண்பா – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டு வருடமாக வெண்பா எழுதிப் பழகுகிறேன். போன வாரம் மழையில் பஸ்ஸுக்கு நின்றபோது எழுதியது இது:

மாலை மழைபெய்யும் நேரத்தில் மக்களெலாம்
சாலையின் ஓரத்தில் தான்நிற்க – வேலை
முடிந்து வருவோர் முகத்தினிலே நன்கு
படிந்துள்ள சோர்வன்றோ காண்.

அவலோகிதம் என்ற, யாப்பைச் சரிபார்க்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். நேரிசை வெண்பா என்று வந்தது. ஆனால் நண்பர் படித்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் ஆகலையே” என்றார். இத்தனைக்கும் அன்று பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்தில் ஓர் அம்மாள் குடையை முழுக்கத் தன் துணிப்பைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறியதும் தலையைக்கூடத் துவட்டாமல் பையைத்தான் துடைத்தார். உள்ளே என்ன இருந்ததோ.

நான் எங்கே தவறுகிறேன்? இன்னொரு கேள்வி: யாப்பிலக்கணம் தெரியாதவர்களால் வெண்பாவை ரசிக்க முடியுமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் வெண்பாவை நானும் அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் அசை பிரித்துப் பார்த்தேன். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதியான தளை எங்கும் தட்டவில்லை. முதல் இரண்டடிக்கு ஓர் எதுகை, அடுத்த இரண்டடிக்கு வேறோர் எதுகை, தனிச்சொல்லான ‘வேலை’யும் ஒழுங்காக ஒட்டியிருக்கிறது. மென்பொருள் சொன்னது சரி. உங்கள் நண்பர் சொன்னதும் சரி.

முகத்தில் சோர்வு படியும். அது ‘நன்கு’ படியுமா? அந்த நன்கு எதற்கு வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே ஒரு தேமா, அதாவது ‘நன்-கு’ என்று இரண்டு நேரசை உள்ள சீர், வேண்டியிருந்தது. ‘தான்நிற்க’வில் உள்ள தான், ‘அன்றோ’, ‘காண்’, மழையில் என்றாலே போதுமான இடத்தில் ‘மழைபெய்யும் நேரத்தில்’ என்று எல்லாமே அப்படி வந்தவைதான். 15 சீரில் ஐந்தாறு வேலையில்லாமல் நிற்கின்றன. கூச்சப்படாதீர்கள். நான் எழுதிப் பழகிய காலத்தில் ஒரு விழா மலருக்கு வரிசையாக வெண்பாக்கள் கொடுத்தேன். அச்சில் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிக்குமேல் ‘காண்’ என்றே முடிந்திருந்தன. யாரை எதைக் காணச் சொன்னேனோ!

வெண்பாவின் ஓசைக்குச் செப்பலோசை என்று பெயர். ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். செப்புதல் என்றால் சொல்லுதல்தான். வெண்பாவுக்குரிய தளையான வெண்டளையைப் பரீட்சைக்கான விதியாக மனப்பாடம் செய்த நாம் (மாங்காய், விளங்காய் என்றதும் வகுப்பே சிரிக்கும்) இதை மறந்துவிடுகிறோம். ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதுபோல் இருக்கவேண்டிய பா இது. நல்வழியில் ஔவையார் வயிற்றோடு பேசுகிற வெண்பா ஒன்று உண்டு. ஒரு நாள் சாப்பிடாதே என்றால் கேட்கமாட்டாய், இரண்டு நாளுக்குச் சேர்த்துச் சாப்பிடு என்றாலும் கேட்கமாட்டாய் என்று திட்டிவிட்டு, ‘இடும்பைகூர் என்வயிறே உன்னோடு வாழ்தல் அரிது’ என்று முடிப்பார். அந்தக் கடைசி மூன்று சொற்களைச் சண்டை நடக்கும் எந்த வீட்டிலும் கேட்கலாம். ஆனால் அலகிட்டால் சீர்களின் வாய்பாடு தேமாங்காய், தேமா, பிறப்பு. கச்சிதமான ஈற்றடி.

சரி, உங்கள் வெண்பாவுக்கு வருவோம். நல்ல கவிதை உங்கள் கடிதத்தில் இருக்கிறது, வெண்பாவில் இல்லை. அந்த அம்மாளையும் பையையும் விட்டுவிட்டு ‘மக்களெலாம்’ என்று ஏன் போனீர்கள்? மரபில் எழுத உட்கார்ந்ததும் பொதுவாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. நீங்கள் பார்த்ததற்கு நாலடிகூட வேண்டாம், இரண்டடிக் குறள் வெண்பா போதும். கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஈற்றடி. நான் எப்போதும் கடைசியிலிருந்துதான் தொடங்குவேன். ‘பையைத் துடைத்தாள் முதல்’ உடனே வந்துவிட்டது. தேமா, புளிமா, மலர். மேலடிக்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. ‘பையைக் குடைக்குள் வைத்து’ என்று எழுதினேன். ‘குடைக்குள்’ புளிமா, அடுத்து நிரையசை, அதாவது ‘மழை’ போல இரண்டெழுத்து இணைந்த அசை, வரவேண்டும். ‘வைத்து’ ஓரெழுத்து அசையான நேரில் தொடங்குகிறது. தளை தட்டியது. ‘குடையின்கீழ்’ என்று மாற்றினால் தளை சரியாகிறது, ஆனால் அடி இழுக்கிறது. கொஞ்ச நேரம் முட்டிக்கொண்ட பிறகு ‘காக்க’ கிடைத்தது:

பையைக் குடைகாக்கத் தான்நனைந்தாள், பஸ்ஸேறிப்
பையைத் துடைத்தாள் முதல்.

தளை தட்டியிராவிட்டால் ‘வைத்து’ என்றே விட்டிருப்பேன். ‘காக்க’ என்றதும் பைக்குள் ஏதோ முக்கியமானது இருக்கிறது என்பது தானாக வந்துவிடுகிறது. யாப்பு கையைக் கட்டிப்போடுகிறது என்பவர்களிடம் நான் காட்டுவது இந்த மாதிரி இடங்களைத்தான். முதலில் வாய்க்கு வந்த சொல்லை அது ஏற்றுக்கொள்வதில்லை. அப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒரு ‘நன்கு’வைச் செருகிவிட்டு மேலே போகலாம், இல்லையென்றால் உட்கார்ந்து தேடலாம்.

பையைப் பையையென்று ஒரே சொல்லை எதுகையாக வைத்தது சோம்பல் என்று புலவர்கள் யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். அந்தப் பை மறுபடி வர வேண்டும் என்றுதான் வைத்தேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. தாராளமாக ரசிக்கலாம். காரிகை (யாப்பிலக்கண நூல்) கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று சொலவடையே இருக்கிறது. அது எழுதுகிறவனின் புலம்பல், படிக்கிறவருக்கு அந்தச் சிரமம் இல்லை. வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று செய்துபாருங்கள். ‘கற்க கசடற’ குறளில் கடைசிச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். ‘நிற்க அதற்கு’ வரை வந்ததும் காது எதையோ கேட்டு நிற்கும். விரலை எடுத்தால் ‘தக’. இரண்டே எழுத்து. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அப்படி. இதற்கு மலர் என்று பெயர் வைத்திருப்பது தெரியாதவருக்கும் அந்த அதிர்வு கேட்கும். தெரிந்தவருக்கு அது ஏன் கேட்கிறது என்பதும் தெரியும், அவ்வளவே வித்தியாசம்.

அப்புறம், ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வது பழைய விளையாட்டு. உங்களுக்கும் ஒன்று தருகிறேன், பஸ்ஸிலிருந்தே: ‘சில்லறை இல்லை இறங்கு.’ மூன்றாம் அடியின் கடைசிச் சீர் விளத்திலோ காயிலோ (கூவிளம், தேமாங்காய் போல) முடியட்டும். எழுதி அனுப்புங்கள். கண்டக்டர் பேசினாலும் சரி, இறங்குகிறவர் பேசினாலும் சரி, அன்றோவும் காணும் மட்டும் வேண்டாம்.