மாணவர்கள் கிளி வளர்க்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீட்டிலிருந்துதான் போய் வருகிறேன். மாதம் 500 ரூபாய் ஒதுக்க முடியும். பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று 600 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பச்சைக்கிளியும் நம் நாட்டில் இயற்கையாக வாழும் மற்ற கிளி இனங்களும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். "எல்லார் வீட்டிலும்தானே இருக்கிறது" என்பது வழக்கில் உதவாது. அந்தக் குஞ்சு மரப்பொந்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அப்படி எடுக்கும் குஞ்சுகளில் பல, கைமாறுவதற்கு முன்பே செத்துப்போகின்றன. அடிபட்ட கிளி கிடைத்தால் வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

சட்டச் சிக்கல் இல்லாமல் வளர்க்கக்கூடியவை வெளிநாட்டு இனங்கள், அவற்றிலும் சிலவற்றுக்குப் பதிவு வேண்டும். உங்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துவது பட்ஜி, அதாவது நம் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அது.

கேள்வி: பட்ஜி ஜோடிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

பதில்: தோராயமாகச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். ஜோடி 500 முதல் 800 ரூபாய். கூண்டு 2,000 ரூபாயை ஒட்டி வரும். பறவைக்குக் கொடுப்பதைவிடக் கூண்டுக்கு மூன்று மடங்கு கொடுக்க மனம் வராதுதான், ஆனால் மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது. நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் தலை மாட்டிக்கொள்ளும். வட்டக் கூண்டு வேண்டாம். பறவை பக்கவாட்டில் பறப்பது, அதற்கு நீளம்தான் தேவை. துத்தநாகப் பூச்சு உதிரும் மலிவுக் கம்பிவலையைக் கடித்தே விஷம் ஏறிச் செத்த பட்ஜிகள் நிறைய. கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, பருமன் மாறி மாறி இருக்கும் கொய்யா அல்லது வேப்பங்கிளைகளைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஒரே தடிமனுள்ள குச்சியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் உள்ளங்காலில் புண் வரும்.

மாதச் செலவு 200 ரூபாய்க்குள் அடங்கும். ஒரு பட்ஜி நாளுக்கு இரண்டு டீஸ்பூன் தானியம் தின்னும். சிந்துவதையும் சேர்த்தால் ஜோடிக்கு மாதம் முக்கால் கிலோ.

ஆகவே தீனிச் செலவு ஒரு பிரச்சினையே இல்லை. மாணவர்களைச் சிக்கவைப்பது டாக்டர் செலவு. 500 ரூபாய்ப் பறவைக்கு 1,500 ரூபாய் வைத்தியமா என்று தள்ளிப்போடுவார்கள், அதற்குள் பறவை போய்விடும். தனியாக 2,000 ரூபாய் எடுத்து வைத்த பிறகு கூண்டு வாங்குங்கள்.

கேள்வி: ஹாஸ்டல் அறையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வார்டன் அனுமதித்தாலும் கூடாது. பறவைக்கு இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தேர்வு நேரத்தில் ஹாஸ்டல் அறையில் அது கிடைக்காது. செமஸ்டர் விடுமுறைக்கு பஸ்ஸில் கூண்டைத் தூக்கிக்கொண்டு போவதும் பறவைக்குச் சித்திரவதை.

கேள்வி: ஒன்று போதுமா, ஜோடியாகத்தான் வாங்க வேண்டுமா? ஒன்று என்றால்தான் பேசும் என்கிறார்கள்.

பதில்: காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்கு வருபவர் ஒன்றை மட்டும் வளர்க்கக் கூடாது. கூட்டமாக வாழும் பறவை அது. நாள் முழுக்கத் தனியாக விட்டால் கத்தும், அல்லது சோர்ந்து முடங்கும். பேச்சைப் பொறுத்தவரை, தனி ஆண் பட்ஜி சில சொற்களைப் பிடித்துக்கொள்ளலாம், பிடிக்காமலும் போகலாம். அதை நம்பி வாங்காதீர்கள்.

இரண்டும் ஆணாக இருப்பது நல்லது. வளர்ந்த ஆணுக்கு அலகுக்கு மேலுள்ள சதை நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பு. கடைக்காரர் முட்டையிட என்று ஒரு மண்பானையையும் சேர்த்துத் தருவார், வாங்காதீர்கள். பானை மாட்டினால் பெண் விடாமல் முட்டையிடும், உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றிப்போகும், கடைசியில் முட்டை வெளிவராமல் அடைத்துச் சாகும். குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்பது அடுத்த தலைவலி.

கேள்வி: சார், தினை மட்டும் போட்டால் போதும் என்று கடையில் சொன்னார்கள்.

பதில்: உயிரோடு இருக்கும், ஆரோக்கியமாக இருக்காது. தானியத்தில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. அது குறைந்தால் மூக்கு, தொண்டையில் தொற்று வரும். தானியம் மட்டுமே தின்று கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தால் ஈரலில் கொழுப்பும் சேரும். தினை, சாமை, குதிரைவாலி கலந்து போடுங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் கொடுங்கள். புதிதாக வந்த பறவை முதலில் கீரையைத் தொடாது. ஈரக் கீரைக் கொத்தைக் கூண்டின் மேற்கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் அதில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும், பிறகு ஓரத்தைக் கிழிக்கும், அப்படியே தின்னப் பழகிவிடும். மதியத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் இருக்கட்டும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் பண்டம் எதுவும் கூடாது.

கேள்வி: இன்னும் கண் திறக்காத காக்டெய்ல் (கொண்டை உள்ள சிறு வெளிநாட்டுக் கிளி) குஞ்சை வாங்கி நாமே ஊட்டி வளர்த்தால் நன்றாகப் பழகுமாமே?

பதில்: கல்லூரிக்குப் போகிறவர் தொடவே கூடாத வேலை இது. அந்த வயதுக் குஞ்சுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். கூழின் சூடு 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடினால் தீனிப்பை வெந்து ஓட்டை விழும், குறைந்தால் செரிக்காமல் புளித்துவிடும். சிரிஞ்சை அவசரமாக அழுத்தினால் கூழ் மூச்சுக்குழாயில் போய்விடும். தானாகத் தின்னத் தொடங்கிய, கைக்குப் பழகிய குஞ்சையே வாங்குங்கள். அது உங்கள் கண்ணெதிரே தானியத்தை உரித்துத் தின்பதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

காக்டெய்ல் 15 முதல் 20 வருடம் வாழும் என்பதையும் யோசியுங்கள். இறகிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டும், வீட்டில் ஆஸ்துமா இருந்தால் ஒத்துவராது.

கேள்வி: சென்னையில் அபார்ட்மென்ட். சன் கான்யூர் (மஞ்சள், ஆரஞ்சு நிற வெளிநாட்டுக் கிளி) வாங்க ஆசை. பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் இருக்கிறது.

பதில்: பணம் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்க மாட்டார். அதன் கத்தல் இரண்டு மாடி தாண்டிக் கேட்கும், அதைப் பழக்கி நிறுத்த முடியாது. தினம் இரண்டு மூன்று மணி நேரம் கூடவே இருக்கவில்லை என்றால் தன் இறகைத் தானே பிடுங்கும். சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவும் வேண்டும். பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் இது இல்லை. கான்யூர் 20 வருடத்துக்கு மேல் வாழும். வேலை, திருமணம் எல்லாம் ஓர் ஊரில் நிலைத்த பிறகு பாருங்கள்.

கேள்வி: வீட்டில் அம்மா தினம் சாம்பிராணி போடுவார். பிரச்சினையா?

பதில்: ஆமாம். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு, காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சாம்பிராணி, கொசுவர்த்தி, ஸ்பிரே மூன்றும் பறவை இருக்கும் அறையில் வேண்டாம். சமையலறைப் பக்கமும் கூண்டு கூடாது. நான்ஸ்டிக் தோசைக்கல் காலியாக அடுப்பில் காய்ந்தால் வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும், நமக்கு வாடைகூடத் தெரியாது. கூண்டைத் திறக்கும் முன் மின்விசிறியை அணைத்து, அது சுற்றுவது முழுவதும் நின்ற பிறகு திறங்கள். நம் வீடுகளில் பறவைகளுக்கு வரும் கோரமான விபத்து விசிறியால்தான்.

கேள்வி: உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும், எடையில்தான் முதலில் தெரியும். 10 கிராம் கணக்கில் காட்டும் தராசு போதாது, ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு வாங்கி வாரம் ஒருமுறை நிறுங்கள். சாதாரண பட்ஜி 30 முதல் 40 கிராம் இருக்கும். நான்கு கிராம் குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ அன்றே போக வேண்டும். இரவாகிவிட்டால் கூண்டின் மூன்று பக்கம் துணி போட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் வெளியிலிருந்து 40 வாட்ஸ் குண்டு பல்பின் சூடு படும்படி வையுங்கள். துணியில் பல்பு படக்கூடாது. மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றாதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை, வாங்கும் முன்பே விசாரித்து எண்ணை வைத்திருங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேட்கலாம், நாமக்கல்லிலும் கல்லூரி இருக்கிறது.

கேள்வி: கடைசி வருடம் படிக்கிறேன், பெங்களூரில் வேலை கிடைக்கலாம். இப்போது வாங்கலாமா?

பதில்: நீங்கள் போன பிறகு தினமும் தண்ணீர் மாற்றுவது யார் என்று வீட்டில் கேளுங்கள். ஒருவர் பெயர் சொல்லித் தெளிவாக ஒப்புக்கொண்டால் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்றால் வேலையில் சேர்ந்து வீடு எடுக்கும் வரை பொறுங்கள். முடியாத நாளில் திறந்து பறக்கவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கூண்டில் பிறந்த பட்ஜிக்கு இரை தேடத் தெரியாது, காக்கையும் வல்லூறும் விடாது. அதுவரை ஆசை அடங்காவிட்டால், பறவை வளர்க்கும் நண்பர் ஊருக்குப் போகும்போது இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். காலை ஆறு மணிக் கூச்சலும், தினம் பெருக்க வேண்டிய உமியும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதில் தெரிந்துவிடும்.