பாதி வழியில் நின்ற படகுவீடு: பணத்தைக் கேட்க ஆலப்புழைக்குத்தான் போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக, ஆலப்புழையிலிருந்து கொல்லம் வரை இரண்டு இரவு, மூன்று பகல் படகுவீட்டுப் பயணத்துக்கு ஒரு முகவர் வழியாக 42,000 ரூபாய் கட்டினோம். முன்பணம் 20,000 ரூபாயை முகவரின் யுபிஐ கணக்குக்கு அனுப்பினோம். மீதியைப் படகில் ஏறும்போது ரொக்கமாகக் கொடுத்தோம். இரண்டாம் நாள் காலை கருமாடியைத் தாண்டியதும் என்ஜின் நின்றுவிட்டது. ஐந்து மணி நேரம் காக்க வைத்து, சிறு வள்ளத்தில் ஏற்றிக் கரையில் விட்டார்கள். நாங்களே வாடகைக் கார் பிடித்து ஊர் திரும்பினோம். ‘பாசி அடைத்துக்கொண்டது, இயற்கைக்கு நான் பொறுப்பில்லை, பணம் திருப்பித் தரப்படாது என்றும், வழக்கு ஆலப்புழையில்தான் என்றும் ரசீதிலேயே இருக்கிறது’ என்கிறார் படகுக்காரர். முகவரோ படகுக்காரரைக் கேட்கச் சொல்கிறார். ‘நுகர்வோர் ஆலோசகர்’ ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்தால் மூன்று லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்? (திண்டுக்கல் வாசகி)

பதில்: அம்மா, முதலில் அந்த ஆலோசகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, புகார்தாரரே வாதாடலாம். வழக்கறிஞனாகிய நானே இதைச் சொல்கிறேன். முன்னதாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்தான் புகார் செல்லும் என்று சொல்லி அதற்கென ஒரு தொகை பறிப்பது இந்த இடைத்தரகர்களின் வழக்கம். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி, பதினைந்து நாள் கெடு வைத்து, இருவருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்தினால் போதும். மூன்று லட்சம் என்பதும் ஆசை காட்டும் பேச்சுதான். 42,000 ரூபாய்ப் பயணத்துக்கு மூன்று லட்சம் கேட்டு வரும் மனுவைப் பார்த்தவுடனேயே, இது யார் எழுதிக் கொடுத்தது என்று ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆலப்புழைக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை முதல், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. சட்டம் கொடுத்த அந்த உரிமையை ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்துப் பறித்துவிட முடியாது. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியும் அப்படித்தான்: நீங்களாகப் பயணத்தை ரத்து செய்தால் அதற்கு ஓரளவு பொருள் உண்டு, பணம் வாங்கியவரே பயணத்தை முடித்துத் தராதபோது அந்த வரி அவருக்குக் கவசமாகாது.

இனி பாசி விஷயம். படகுக்காரரின் முழு வாதமும் இதன்மேல்தான் நிற்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட காரணத்தால் சேவை நின்றுபோனால் அதைச் சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்பது உண்மையே. பெருமழைக் காலத்தில் வெள்ளம் ஏறி, மாவட்ட ஆட்சியர் படகுப் போக்குவரத்தை நிறுத்தி உத்தரவிட்டால், படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது; அப்போதும் ஓடாத நாளுக்கான பணத்தை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. ஆனால் பாசி என்று படகுக்காரர் சொல்வது, நீங்கள் கேள்வியுடன் அனுப்பிய படத்தைப் பார்த்தால், ஆகாயத்தாமரை. ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டில் போள என்பார்கள். கடலின் உப்புநீர் வயலுக்குள் ஏறாதபடி தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடி வைக்கும் மாதங்களில் இது நன்னீரில் பாய் விரித்தாற்போல் பரவும், அணையைத் திறந்து உப்புநீர் ஏறினால் அழுகும். ஆண்டு தவறாமல் நடக்கும் இந்தக் கதை அங்கே படகு ஓட்டும் சிறுவனுக்கும் தெரியும். அது படகை உந்தும் சுழலியில் சுற்றும், என்ஜினைக் குளிர்விக்கும் நீர்க்குழாயின் வாயை அடைக்கும், குளிர்நீர் ஏறாமல் என்ஜின் கொதிக்கும் என்பதெல்லாம் தெரிந்தே தொழில் செய்கிறவர், வடிகட்டியைச் சுத்தம் செய்து, மாற்று உறுப்பைக் கையிருப்பில் வைத்து, இன்னொரு படகுக்கும் வழி வைத்திருக்க வேண்டும். எதிர்பார்க்கக்கூடிய ஒன்றை எதிர்கொள்ள ஆயத்தமாக இல்லாதிருப்பது இயற்கைச் சீற்றம் ஆகாது. பராமரிப்பின்மை என்பதுதான் அதற்குப் பெயர்.

அதிலும் நீங்கள் அனுப்பிய, உங்கள் கணவர் எடுத்த காணொளியில், சிராங்கு (படகை ஓட்டும் பணியாளர்) படகின் பின்புறம் தண்ணீரில் கழுத்தளவு நின்று, சமையலறைக் கத்தியால் வேர்க்கொத்தை அறுத்து எறிந்த பிறகும், என்ஜின் வெண்புகை கக்கி நின்றுபோவது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. செடியை அகற்றிய பிறகும் ஓடாத என்ஜினுக்குச் செடியைக் காரணம் சொல்ல முடியுமா?

வழக்கு வந்தால் படகுக்காரர் இன்னொரு சாமர்த்தியமான கணக்குச் சொல்வார். மீனவர்கள் இரவில் வலை விரிப்பதால் படகுவீடுகள் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் கரையில் கட்டப்பட்டுவிடும். ஆகவே நீங்கள் இழந்தது சில மணி நேர ஓட்டம் மட்டுமே என்பார். நீங்கள் வாங்கியது மிதக்கும் விடுதியறையை அல்ல, கொல்லம் வரையிலான பயணத்தை. திருக்குன்னப்புழை மதகையும் காயங்குளம் காயலையும் அஷ்டமுடியையும் நீங்கள் பார்க்கவே இல்லை. எனவே கிடைத்த முதல் நாளைக் கழித்துவிட்டு மூன்றில் இரண்டு பங்கான 28,000 ரூபாயையும், கார் வாடகையை ரசீதுடனும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் மிதமான ஒரு தொகையையும் கேளுங்கள். இதற்கிடையில் ‘5,000 தருகிறேன், முழுத் தீர்வு என்று கையெழுத்திடுங்கள்’ என்று யாராவது வந்தால் கையெழுத்திடாதீர்கள்.

முகவரையும் விடக் கூடாது. தன் கணக்கில் பணம் வாங்கியவர் ‘நான் வெறும் தூது’ என்று ஒதுங்க முடியாது. ஆலப்புழை ரயில் நிலைய வாசலிலும், படகுவீடுகள் புறப்படும் புன்னமடைக் கரையிலும் ஒரு படகின் படத்தைக் காட்டி இன்னொரு படகில் ஏற்றிவிடும் ஆட்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம். படகு பெரும்பாலும் ஒருவர் பெயரில் பதிவாகி, இன்னொருவரின் குத்தகையில் ஓடும். ஆகவே படகின் பக்கவாட்டில் எழுதியுள்ள பதிவு எண்ணை வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவு அலுவலகத்தில் உரிமையாளர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். முகவர், ரசீது கொடுத்தவர், பதிவு பெற்ற உரிமையாளர் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டும் விளையாட்டு முடிந்துவிடும்.

புகாரை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதியலாம். காணொளி வழியாக விசாரிக்கும்படியும் கேட்கலாம். ஆணையத்தின் நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அந்த மூன்று மாதம் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று நோட்டீஸ் திரும்பி வருவதற்கே சரியாகப் போய்விடும். உறுப்பினர் பணியிடம் காலியாக இருந்தால் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஏழை எளியவர் வக்கீல் இல்லாமல் வழக்காடட்டும் என்று கொண்டுவந்த சட்டத்தை, நாற்காலியில் ஆள் நியமிக்காமல் முடக்கி வைப்பது என்ன நியாயமோ! எதிர்த்தரப்பு பதிலுரை தர 30 நாள், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. 46ஆம் நாள் பதிலுரையோடு வந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். புகார் கொடுக்க உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தாலும், இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சிராங்கை எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள். ‘தண்ணீர் பம்பு போன வாரமே கோளாறு, முதலாளியிடம் சொன்னேன்’ என்று அவர் உங்கள் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுதான் உங்கள் கையிலிருக்கும் மிக வலுவான சான்று. அதை வேறு இடத்தில் சேமித்துவிட்டு மூலத்தை அழித்துவிட வேண்டாம். வந்த கைப்பேசியிலேயே அப்படியே இருக்கட்டும், வழக்கு முடியும்வரை அந்தக் கைப்பேசியை மாற்றவும் வேண்டாம்.