12 போர் துவக்குக்கு நூறு மீற்றர் பயிற்சி எதற்கு?

கேள்வி: ஒட்டுசுட்டானில் நெல்லும் கச்சானும் செய்கிறேன். பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதியுள்ள, 12 போர் (bore) என்ற குழலளவுள்ள ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருக்கிறேன். கனடாவிலுள்ள மச்சான் ரைபிளை 100 மீற்றரில் சரிபார்த்த பிறகுதான் மான் வேட்டைக்குப் போவாராம். பன்றி என் காவல் கொட்டிலிலிருந்து அறுபது மீற்றரில் நிற்கிறது. நானும் அந்தத் தூரத்துக்குப் பழகலாமா?

பதில்: வேண்டாம். ரைபிள் குழலுக்குள் சுருள் தவாளிப்பு இருக்கிறது. அது ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். உங்கள் குழல் வழவழப்பானது. எஸ்.ஜி. என்ற பெரிய குண்டுத் தோட்டாவின் ஒன்பது சன்னமும் (ஈயக் குண்டும்) வெளியேறியதும் விரியத் தொடங்கும். 20 மீற்றரில் விரிவு அரை மீற்றரளவு. 40இல் ஒரு மீற்றரைத் தாண்டும். அறுபதில் ஒன்றிரண்டு பட்டால் பன்றி காயத்தோடு காட்டுக்குள் ஓடும், அடுத்த நாள் விறகுக்குப் போகிறவரைப் பாயும். மானும் மரையும் இங்கே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றுக்கு எந்தத் தூரமும் கிடையாது.

உங்கள் துவக்கின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். பொலிசுக்கும் அயலுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். பின்னால் உயர்ந்த மண் அணை இருக்கட்டும்; தவறிய சன்னம் அரைக் கிலோமீற்றருக்கும் அப்பால் போகும். அணை தேடி மிதிவெடிப் பலகை நாட்டிய பக்கம் போகாதீர்கள். சிமெந்துப் பைகளைப் பிரித்து ஒரு மீற்றர் சதுரமாக ஒட்டி, நடுவில் 20 சென்ரிமீற்றர் வட்டம் கீறுங்கள். 15, 20, 25, 30 மீற்றரைக் காலடியால் அல்ல, நாடாவால் அளந்து, மணல் மூட்டையில் குழலைத் தாங்கி, ஒவ்வொரு தூரத்திலும் புதுக் கடதாசிக்கு ஒரு வெடியாக மூன்று வெடி வையுங்கள். மூன்றிலும் ஐந்து சன்னமாவது வட்டத்துக்குள் விழும் கடைசித் தூரமே உங்கள் தூரம். பெரும்பாலும் 25ஐத் தாண்டாது. தோட்டாவின் வகை மாறினால் திரும்பவும் பாருங்கள்.

சன்னம் எல்லாம் வட்டத்துக்கு மேலே போனால், துவக்கின் கட்டையிலிருந்து கன்னத்தைத் தூக்குகிறீர்கள். விசையை இழுக்கும்போது திடுக்கிட்டால், வேறொருவர் உங்களுக்குத் தெரியாமல் சில முறை வெறுங்கோதைப் போட்டுத் தரட்டும். குழல் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும்.

இரட்டைக்குழல்காரருக்கு மட்டும் இது மாறும். இரண்டு குழலின் வாய் ஒடுக்கமும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஒன்று அகல விரிக்கும், மற்றது நெருக்கிப் போடும். ஆகவே வலதுக்குத் தனிக் கடதாசி, இடதுக்குத் தனிக் கடதாசி. அதிக ஒடுக்கமுள்ள குழல் பெரிய சன்னத்தை நெருக்கும் என்ற உறுதியும் இல்லை. சன்னங்கள் முட்டிச் சிதறலாம். எந்த விசை எந்தக் குழல் என்பதையும் எழுதி வையுங்கள்.

இனித் தரகர்கள். பழைய கோதில் மருந்தும் சன்னமும் அடைத்து 'தூரம் போகும்' என்று விற்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். மருந்தின் அளவு அவர்களுக்கே தெரியாது. குழல் வெடித்தால் போவது உங்கள் கையும் கண்ணும். யுத்தகால மிச்சங்களைக் கிளறி எடுத்த வெடிமருந்தும் அதில் கலந்திருக்கலாம். வாயை வெட்டிக் குழலைக் குறுக்கித் தருகிறேன் என்பவனையும் படலைக்குள் விடாதீர்கள். அனுமதியைப் புதுப்பித்துத் தருவதாகக் காசு கேட்பவன் இன்னொரு வகை. மாவட்டச் செயலகத்துக்கு நீங்களே போங்கள். வருடாவருடம் கமக்காரனைக் கடதாசியோடு அலைக்கழிக்கிறார்கள். சுட்டுப் பழக ஓர் இடம் ஒதுக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. இந்த இடைவெளியில்தான் தரகன் பிழைக்கிறான்.

எல்லை தெரிந்ததும் கொட்டிலைச் சுற்றி அந்தத் தூரத்தில் வெள்ளை அடித்த கட்டைகளை நடுங்கள். இரவில் டோர்ச் வெளிச்சத்தில் தூரம் ஏமாற்றும், கட்டை ஏமாற்றாது. அதற்கு அப்பால் நிற்கும் பன்றியைத் தகரம் தட்டிக் கலையுங்கள், அல்லது அது வரும் வழிக்குப் பக்கமாகக் கொட்டிலை நகர்த்திப் போடுங்கள்.