கெமோமில் டீ வைக்கோல் தண்ணி மாதிரி இருக்கிறதே, எப்படிப் போடுவது? எதற்கெல்லாம் உதவும்?

பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: கெமோமில் பூ போதாது, கோப்பையை மூடியிருக்க மாட்டீர்கள்.

டீ பையில் பூ கொஞ்சம்தான், அதுவும் தூளாக இருக்கும். தூளில் வாசனை எண்ணெய் சீக்கிரம் போய்விடும். ஜெர்மனியில் வயிற்றுப் பிடிப்புக்கு வழக்கமான அளவு, 150 மில்லி தண்ணீருக்கு சுமார் 3 கிராம் உலர்ந்த பூ, அதாவது ஒரு மேசைக்கரண்டி குவித்து. தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து இறக்கி, பூவின் மேல் ஊற்றி, உடனே ஒரு தட்டால் மூடுங்கள். 5 முதல் 10 நிமிடம் கழித்து வடிகட்டலாம். தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரைக் கோப்பையிலேயே தட்டிவிடுங்கள். ஆவியோடு கிளம்பிய எண்ணெய் அதில்தான் இருக்கிறது. நம் டீ போல அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும். பாலும் வேண்டாம்.

முழுப் பூவாக வாங்குங்கள். நடுவிலுள்ள மஞ்சள் கூம்பை நெடுக்காகக் கீறினால் உள்ளே பொந்தாக இருக்கும். அது ஜெர்மன் கெமோமில். ரோமன் வகையில் கெட்டியாக இருக்கும். கசக்கினால் ஆப்பிள் வாசம் வர வேண்டும். பழுப்பேறி மணமில்லாமல் இருந்தால் பழைய சரக்கு. மாலை கட்டும் சாமந்தி வேறு செடி, அதை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள்.

இந்தப் பூவை நீராவியில் வடித்தால் எண்ணெய் நல்ல நீலமாக வரும். பூவில் நீலமே கிடையாது. அதிலுள்ள மாட்ரிசின் என்ற பொருள் சூட்டில் கமாசுலீன் என்ற நீலப் பொருளாக மாறுவதால் வரும் நிறம் அது.

வயிற்றுப் பிடிப்பு, வாயுவுக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் குடிப்பார்கள். ஈறு வீங்கினால் ஆறவைத்துக் கொப்பளிப்பார்கள். சளிக்கு ஆவி பிடிப்பது ஜெர்மன் வீடுகளில் பழைய வழக்கம். யுனானியில் இதன் பெயர் பாபூனா. அதன் எண்ணெயை மூட்டுவலிக்குத் தேய்ப்பார்கள். தூக்கத்துக்குப் பேர்போனது என்றாலும் மாத்திரை போல அடித்துப்போடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பார்த்தீனியக் களைச்செடி பட்டால் அரிப்பு வருகிறவர்கள் கவனம். இதுவும் அதே குடும்பம்; முதல் தடவை இரண்டு மடக்கு மட்டும் குடித்துப் பாருங்கள், உதடோ நாக்கோ அரித்தால் விட்டுவிடுங்கள். இந்த நீரால் கண்ணைக் கழுவ வேண்டாம், ஒவ்வாமையால் கண் வீங்கியவர்கள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.